விடுபாடு

எங்கள் ஊர் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அன்றைக்கு நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சபையார் எல்லாரும் எழுந்து நின்று சொல்லுவோம். ஆண்கள் பக்கம் சற்று முந்தும், பெண்கள் பக்கம் இழுக்கும், ஆனாலும் ஒருமாதிரி சேர்ந்தே போய்ச் சேரும். 1985 கடைசியில் ஒரு ஞாயிறு. குமாரனுக்கும் பிதாவுக்கும் ஒரே தன்மை என்று அறிக்கையிடுகிற இடம் வந்தபோது, என் காதோரம் கேட்டுக்கொண்டிருந்த கனத்த குரல் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வாயை மூடிக்கொண்டு, கைகட்டி, நேரே பார்த்தபடி நின்றார். இரண்டு வரி கழித்து மறுபடி சேர்ந்துகொண்டார்.

தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதே இடத்தில் தொண்டை கட்டியது.

நாசரேத் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார் சித்தப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்ததே அவர்தான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே, கடைத் திண்ணையில் என்னை மடியில் இருத்தி, பழைய ஸ்போக் கம்பி ஒன்றை எழுத்துக்கு அடியில் ஓட்டி ஓட்டிச் சங்கீதங்களை வாசிக்க வைப்பார். கிரீஸ் விரல் தாளில் படக்கூடாது என்பதற்காகத்தான் கம்பி. அது எங்கே நிற்கிறதோ அங்கே நானும் நிற்க வேண்டும். பிற்பாடு பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிற வேலைக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில்தான் சோறு தின்றேன். அதற்கு அஸ்திவாரம் அந்தக் கம்பி.

சித்தப்பாவின் கடைக்குப் பஞ்சர் ஒட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒட்டி முடிகிறவரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது ‘காவற்கோபுரம்’ பத்திரிகை ஒன்றைக் கொடுத்தார்கள். யெகோவா சாட்சிகள். பிறகு பஞ்சர் இல்லாமலும் வந்தார்கள். யார் சொன்னதையும் அப்படியே விழுங்குகிற ஆள் அல்ல சித்தப்பா. அவர்களோடும் முழுதாகச் சேர்ந்துவிடவில்லை. வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து மறுபடி வாசித்தார். ஏழெட்டு மாதத்தில் அவராக ஒரு முடிவுக்கு வந்தார். இயேசு தேவகுமாரன், மேசியா, அவர் மூலமாகத்தான் இரட்சிப்பு. ஆனால் அவர் தேவன் அல்ல. தேவன் ஒருவர்தான், அது பிதா. மனதில் இல்லாததை வாயால் சொன்னால் பொய்யாகிவிடும் என்று அந்த ஒரு வரியில் மட்டும் வாயை மூடிக்கொண்டார். ஆலயத்துக்கு வராமல் இருந்திருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. வந்து, பக்கத்தில் நின்று, சொல்லாமல் இருந்ததுதான் உறுத்தியது.

1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பேப்பரில் வந்தது. கேரளத்தில் தேசிய கீதம் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் நீக்கியிருந்தது. யெகோவா சாட்சிக் குடும்பம். கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றிருக்கிறார்கள், பாடவில்லை. அவர்களை நீக்கியது செல்லாது என்றது கோர்ட். எங்கள் சொந்தக்காரர்களுக்கு வாயில் அவல் கிடைத்தது. “உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாவளே” என்று சித்தப்பாவைக் கடைக்கே போய்க் கிண்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே பெடலுக்கு எண்ணெய் போட்டார்.

அடுத்த மாதம் என் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். அப்பா இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. அப்பா ஸ்தானத்தில் நின்று தட்டு மாற்றியது சித்தப்பாதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றித் தார்சாவில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் ஆரம்பித்து வைத்தார்: “அப்ப இயேசு கடவுள் இல்லேங்கேளா?”

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஓய்வுநாள் பள்ளி சூப்பிரண்டு. இந்த நாளுக்காக நான் தயாராகவே இருந்தேன். ஒரு நோட்டில் இரண்டு பக்கம் வசனம் குறித்து வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“கெத்செமனேயில முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாரே, யாருகிட்டப் பண்ணினாரு? தனக்குத் தானே பண்ணிக்கிட்டாரா?” என்றார் சித்தப்பா.

“மனுஷனா இருந்தப்போ பண்ணினாரு.”

“பிதா தன்னைவிடப் பெரியவர்னு அவரே சொல்லுதாரே.”

“அதுவும் மனுஷனா இருந்தப்போதான்.”

“அந்த நாள் எப்போ வரும்னு குமாரனுக்கே தெரியாதுன்னு மாற்குல இருக்கே. தேவனுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டா?”

நான் யோவான் பத்தாம் அதிகாரத்துக்குத் தாவினேன். தானும் பிதாவும் ஒன்று என்று இயேசுவே சொல்லவில்லையா? சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணுன்னுதானடே சொல்லுதாரு, ஒருத்தர்னு சொல்லலியே. உங்கப்பன் இருந்தமட்டும் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம். அதுக்காகத் தபாலாபீசையும் சைக்கிள் கடையையும் ஒரே ஆளு பார்த்தான்னு ஆயிருமா?”

தார்சாவே சிரித்தது. மாப்பிள்ளைகூடச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

கடைசிச் சீட்டை அப்போதுதான் இறக்கினேன். யோவானின் முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று பரலோகத்தில் சாட்சி கொடுப்பவர் மூன்று பேர், மூன்றும் ஒன்று என்று சுற்றி வளைக்காமல் சொல்லுகிற வசனம். வேதாகமத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். “நீங்களே வாசிங்க சித்தப்பா. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“கண்ணாடி கடையில கெடக்குடே.”

“பெரிய எழுத்துதான், வாசிங்க.”

கையை நீட்டிப் பிடித்து வாசித்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்குதே” என்றார். “எழுதியிருக்குன்னா அதுக்கு மேல நான் என்ன சொல்ல?” வேதாகமத்தை மூடி இரண்டு கையாலும் என்னிடம் தந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். யாரோ என் முதுகில் தட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், “பையன் பிரசங்கியாராப் போயிருக்கலாம்” என்றார். அந்தச் சொல்லை ஒரு மாதம் மனதில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முதல் ஞாயிறு சித்தப்பா ஆலயத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுவருஷம் சபைத் தேர்தல். வாக்காளர் பட்டியல் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. ஐயர் கையொப்பமிட்ட கையெழுத்துப் பிரதியில் சித்தப்பா பெயர் இருந்தது. அவரை நீக்க வேண்டும் என்று எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை. கேலி புரூப் என் மேசைக்கு வந்தபோது, சிவப்பு மையில் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டேன். கீழே உள்ள வரிசை எண்களையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஓட்டை தெரியக் கூடாதே. கம்பாசிட்டர் ஒன்றும் கேட்கவில்லை. புரூபில் இருப்பது அவருக்கு வேதவாக்கு.

பத்து வருஷம் கழித்து என் தலையில் குட்டு விழுந்தது, அதுவும் தொழில் வழியாகவே.

1997. கம்போசிங் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கத்தோலிக்க வாடிக்கையாளர் ஒருவர் ஒரு தியானப் புத்தகத்தை அடிக்கக் கொடுத்தார். மேற்கோள்களைச் சரிபார்க்க, இரண்டு வருஷத்துக்கு முன் வெளிவந்திருந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் கூடவே தந்தார். வேலைக்கு நடுவே சும்மா என் வெற்றி வசனத்தைப் புரட்டினேன். ஏழாம் வசனம் அரை வரியில் முடிந்துவிட்டது. சாட்சிகள் மூன்று என்கிறது. அடுத்த வசனத்தில் ஆவி, தண்ணீர், இரத்தம். பிதாவைக் காணோம், வார்த்தையைக் காணோம், பரலோகத்தையே காணோம். புரூப் பார்க்கிறவன் புத்தி வேறு எங்கே போகும்? ‘விடுபாடு’ என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். இவ்வளவு பெரிய புத்தகத்தில், போயும் போயும் இந்த இடத்திலா ஒரு வரியை விட்டார்கள் என்று பரிதாபம் வேறு.

அப்போது எங்களிடம் புத்தகம் அடிக்க வந்துகொண்டிருந்தவர்களில் ஓய்வுபெற்ற இறையியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் உண்டு. நான் குறித்ததைக் காட்டினேன். அவர் பென்சில் குறியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இதுல விட்டுப்போகல. உங்க பழைய வேதாகமத்துலதான் கூடுதலா இருக்கு.”

பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்தப் பரலோக வரி கிடையாது. லத்தீனில்தான் முதலில் தலைகாட்டுகிறது. மூன்று சாட்சிகளுக்கு விளக்கமாக யாரோ ஓரத்தில் எழுதியதை, பின்னால் பிரதி எடுத்தவர் மூலத்தில் விட்டுப்போனது என்று நினைத்து உள்ளே சேர்த்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். 1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டபோது அது இல்லை. 1519 பதிப்பிலும் இல்லை. ஏன் விட்டாய் என்று சண்டை கிளம்பியது. அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதியும் முளைத்தது. 1522 பதிப்பில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து 1611-இன் ஆங்கில வேதாகமத்துக்குப் போய், எங்கள் வீட்டுத் தமிழ் வேதாகமம் வரை வந்து, 1986-இல் என் கையில் ஏறியிருக்கிறது. ஐசக் நியூட்டன் இந்த வசனம் இடைச்செருகல் என்று 1690-இலேயே எழுதி வைத்தார். அச்சேறியது அவர் செத்து இருபத்தேழு வருஷம் கழித்து, 1754-இல்.

ஆசிரியர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் அச்சகத்து அசன பண்டிகை நோட்டீஸ்தான் ஞாபகம் வந்தது. ஒரு ஊர்க் கமிட்டிக்காரர் பிரதியின் ஓரத்தில் ‘எழுத்து கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார். கம்பாசிட்டர் அதையும் கோத்துவிட்டார். ‘அனைவரும் குடும்பமாக வந்து ஆசீர்வாதம் பெறும்படி அழைக்கிறோம் எழுத்து கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும்’ என்று ஐந்நூறு நோட்டீஸ் டிரெடிலில் ஓடிவிட்டது. ஓரக்குறிப்பு எப்படி உள்ளே வரும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த எனக்குத்தான் என் வேதாகமத்தில் அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று தோன்றவே இல்லை.

அதோடு விட்டாரா மனுஷன்? “இந்த வசனம் இல்லாமலே நாலாம் நூற்றாண்டுல அத்தனை சண்டையும் நடந்து முடிஞ்சிருக்கு தம்பி. ஆரியுஸை எதிர்த்து எழுதின கிரேக்கப் பிதாக்கள்ல ஒருத்தர்கூட இதைக் காட்டல. கையில இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?” என்றார். அது சரிதான் என்று பட்டது. நான் விட்டேனா?

ஆரியுஸ் என்ற பெயரை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆசிரியர் ‘ஆரியு கள்ள உபதேசம்’ என்பார். தெருவில் அப்போது ஆரியம், திராவிடம் என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்த காலம். இரண்டும் ஒன்று என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஒரு குரு. குமாரன் படைப்புகளில் எல்லாம் முதலாவது, மேலானது, ஆனாலும் படைப்புதான். அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்று போதித்தார். அவருடைய ஆயர் அலெக்சாந்தர் அதை மறுத்தார். இன்றைக்குத் துருக்கியில் இருக்கிற இஸ்னிக், அன்றைய நிசேயா. அங்கே 325-இல் மன்னன் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டினான். குமாரன் பிதாவோடு ‘ஹோமோஊசியோஸ்’, அதாவது ஒரே தன்மை, என்று தீர்மானமானது. சித்தப்பாவின் வாய் மூடிய இடம் அதுதான். ஆரியுஸோடு சேர்ந்து லிபியா நாட்டு ஆயர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளாமல் நாடு கடத்தப்பட்டார்கள்.

நிசேயாவில் முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் படித்தோம். முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஒரே தன்மை வேண்டாம், ‘ஹோமோயூசியோஸ்’, ஒத்த தன்மை என்று வைத்துக்கொள்வோம் என்று ஒரு கூட்டம் நடுவில் வந்தது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அயோட்டா என்கிற ஒரே ஒரு எழுத்து. அதைப் பரிகாசம் பண்ணுகிறவர்கள் உண்டு. நான் பண்ணமாட்டேன். ஒரு கால் விட்டுப்போனதால் ‘பாடல்’ ‘படல்’ ஆகி, அந்தப் புத்தகத்தை மறுபடி அடித்துக் கொடுத்த அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். நிசேயாவின் தீர்மானத்துக்குக் காவல் நின்ற அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். கூட்டத்தைக் கூட்டிய கான்ஸ்டன்டைனே 337-இல் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் வாங்கியது ஆரியுஸுக்கு வேண்டிய ஆயர் ஒருவர் கையால். 381-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் மறுபடி கூடித்தான் ஒரு வழிக்கு வந்தது. அந்நாளில் அந்த நகரத்தில் ரொட்டிக் கடையில் விலை கேட்டால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்று பதில் வருமாம், குளிக்கத் தண்ணீர் ஆயிற்றா என்றால் குமாரன் இல்லாமையிலிருந்து உண்டானவர் என்பார்களாம். நிஸ்ஸா ஊர் கிரகோரி சலித்துப்போய் எழுதியிருக்கிறார். எங்கள் தார்சாவை அவர் பார்த்ததில்லை.

ஆனால் ஆசிரியரிடம் நான் வாங்கிய பெரிய அடி வேறு. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரித்துவத்தை எப்படிச் சொல்லித் தருவாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்: ஐஸ், தண்ணீர், ஆவி. ஒரே பொருள், மூன்று நிலை. வருஷா வருஷம் ஐஸ்கட்டி வாங்கிக்கொண்டுபோய்ச் செய்து காட்டுவேன்.

“அது சபெல்லியு. மூணாம் நூற்றாண்டுலயே தள்ளுன உபதேசம்” என்றார்.

ஒரே ஆள்தான் ஒரு சமயம் பிதாவாகவும் இன்னொரு சமயம் குமாரனாகவும் வேஷம் மாற்றி வருகிறார் என்பது அது. அப்படியென்றால் சிலுவையில் தொங்கியது பிதா. கெத்செமனே ஜெபம் நாடகம். சபை அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பிதா வேறு ஆள், குமாரன் வேறு ஆள், தேவன் ஒருவர்தான். இயேசுவும் தேவனும் ஒரே ஆளா என்று கேட்டால், சபையின் பதிலில் ஆமாவும் இல்லையும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கிறது. அதைச் சொல்லத் தகுந்த உவமை இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை; அகப்பட்டதெல்லாம் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது. கார்த்தேஜ் ஊர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே சண்டையைப் போட்டிருக்கிறார். அவர் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? யோவான் பத்தாம் அதிகாரம். இயேசு ‘ஒன்று’ என்று சொன்னாரே ஒழிய ‘ஒருவர்’ என்று சொல்லவில்லை. மூலக் கிரேக்கத்திலும் அஃறிணைதான். பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்றவர்களுக்கு எதிராக, அவர்கள் இரண்டு பேர் என்று காட்ட அதைச் சொன்னார். திரித்துவத்துக்கு வக்கீலாக நின்றவரின் வாதம் அது.

வெற்றிலையை மடித்துக்கொண்டே என் சித்தப்பா சொன்னதில் பாதி அது. அன்றைக்குத் தார்சாவில் சபையின் பழைய உபதேசத்துக்குக் கிட்டக்க நின்றது யார்? அவரும் முழுதாக இல்லை. ஆனால் ஐஸ்கட்டியோடு நின்ற நான் அறவே இல்லை. அவர் பெயரைப் பட்டியலில் அடித்த சிவப்புப் பேனா யார் பெயரை அடித்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்கு நடந்தேதான் போனேன்.

பிறகு இந்த விஷயத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1553 அக்டோபரில் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்ட செர்வேத்தஸ் கடைசியாகக் கூப்பிட்டது இயேசுவைத்தான். ‘நித்திய’ என்ற சொல்லைத் தேவனுக்கு முன்னால் வைத்து, அவருடைய குமாரனே என்று அலறினார். அதைக் கொஞ்சம் நகர்த்திக் குமாரனுக்கு முன்னால் வைத்திருந்தால் குற்றமில்லாத வாக்கியமாகியிருக்கும். நெருப்புக்கு நடுவிலும் நகர்த்தவில்லை. சென்னையில் புரசைவாக்கத்துக் கதை ஒன்றும் அறிந்தேன். வேளாளர் வீட்டுப் பிள்ளையான திருவேங்கடம் என்கிற தமிழர், வில்லியம் ராபர்ட்ஸ் ஆகி, வேலைக்காரராக இங்கிலாந்து போய், பிரீஸ்ட்லி, லிண்ட்சி ஆகியோர் எழுதியவற்றைப் படித்து, 1795-இல் திரித்துவத்தை ஏற்காத ஒரு கிறிஸ்தவ சபையைச் சென்னையில் தொடங்கியிருக்கிறார். 1813-இல் ஜெபவீடும் கட்டியாயிற்று. திரித்துவத்தை மறுத்தால் தண்டனை என்ற சட்டத்தை இங்கிலாந்தே நீக்கியது அந்த வருஷம்தான். சித்தப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, போய்ச் சொல்லவில்லை. உண்மை தெரிந்த பிறகு அவர் முன்னால் போய் நிற்க எனக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. காரணம் கேட்டால் வேலை, பிள்ளைகள் படிப்பு என்று ஏதாவது சொல்லுவேன்.

2008-இல் போனேன். சைக்கிள் கடையை விற்றுவிட்டு, உடன்குடிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் மகள் வீட்டில் இருந்தார். எழுபத்துநாலு வயது. முற்றத்து வேப்பமரத்தடியில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் காலியாகிற வரை ஊர்க்கதை பேசிவிட்டு, ஒரே மூச்சில் சொன்னேன்: அன்றைக்கு நான் காட்டிய வசனம் மூலத்தில் இல்லை, பின்னால் சேர்ந்தது, எனக்குத் தெரியாது, தெரிந்தும் வராமல் இருந்தேன்.

“எந்த வசனம்?” என்றார்.

நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. அதிகாரம், வசனம் எல்லாம் சொல்லியும் வரவில்லை. கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துவிட்டு, “அன்னைக்குக் கண்ணாடி இல்லாம வாசிக்கச் சொன்னேல்லா” என்றார். “ரெண்டு எடத்துல தட்டிச்சு. மாப்பிள்ளை வீட்டுச் சின்னப் பய ஒருத்தன் நான் வாசிச்ச மாதிரியே வாசிச்சுக் காட்டினான். நீயும் சிரிச்சே.”

நான் சிரித்தது எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பையனையே ஞாபகம் இல்லை. இப்போது கண்ணை மூடினால் அந்தத் தார்சாவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அது நிஜமாகவே கேட்டதா, அவர் சொன்ன பிறகு நான் சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை.

“பட்டியல்ல பேரு இல்லாமப் போனப்ப ஐயர் கடைக்கே வந்தாரு. அச்சுப் பிழை, அடுத்த தடவை சரி பண்ணிருவோம்னாரு. நல்ல மனுஷன்” என்றார் அவராகவே. பிறகு என்னைப் பார்த்து, “அச்சுப் பிழைதான, என்னடே?”

“அச்சுப் பிழைதான் சித்தப்பா” என்றேன்.

ஒரு பொய்யைத் திருப்பிக் கொடுக்க நூறு கிலோமீட்டர் போக வரப் பஸ் ஏறியவன், அங்கேயே இன்னொன்றை வைத்துவிட்டேன்.

அவர் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். “சரி, அந்த வசனம் இல்லேங்கே. அப்ப நீ என்ன சொல்லுதே? இன்னும் அதையேதான் நம்புதியா?”

“நம்புதேன்.”

“எதை வச்சி?”

தோமாவைச் சொன்னேன். உயிர்த்தெழுந்தவரின் காயத்தைப் பார்த்ததும் ஆண்டவரே, தேவனே என்று கூப்பிட்டானே. அப்படிக் கூப்பிடாதே என்று இயேசு தடுக்கவில்லையே. அது ஆச்சரியத்தில் வந்த கூப்பாடு, நாம ‘ஐயோ கடவுளே’ங்கிற மாதிரி என்றார். அவரைப் பார்த்துச் சொன்னான் என்றுதானே யோவான் எழுதியிருக்கிறார் என்றேன். வேதாகமம் கொண்டுவரச் சொன்னார். தலையணைக்கு அடியில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் ஓட்டி மூன்று தடவை வாசித்தார். “அவருக்குச் சொன்னான்னுதான் இருக்கு” என்று ஒத்துக்கொண்டார். “இருந்தாலும் அதே அதிகாரத்துல, கொஞ்சம் முன்னால பாரு. மகதலேனா மரியாளிட்ட என் தேவன்கிட்டப் போறேங்காரே. தேவனுக்கு ஒரு தேவனா?” எனக்கு உடனே பதில் வரவில்லை. பிலிப்பியருக்குப் போனேன், அவர் கொலோசெயருக்கு இழுத்தார். முதற்பேறு என்றால் முதலில் பிறந்தவரா, உரிமையில் முதல்வரா என்று அரைமணி நேரம் போயிற்று. தங்கச்சி லைட்டைப் போட்டுவிட்டு, “ரெண்டு பேருக்கும் வேற பேச்சே இல்லியா?” என்று சலித்துக்கொண்டு தோசை வார்க்கப் போனாள்.

கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்கு. முக்கில் அது ஹாரன் அடித்தது இரண்டு பேருக்கும் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை, நேரமாச்சே என்று அவரும் சொல்லவில்லை. முற்றத்திலேயே பாய் விரித்தாள். விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் இருட்டுக்குள் அவர் குரல் கொலோசெயரிலேயே இருந்தது. பட்டியலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.